கையெழுத்துப் போடாதவர்களுக்கும் செல்லும்

வரலாற்றுத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேரில் அமெரிக்க வரலாற்றுத் தாளை எடுக்க யாரும் முன்வரவில்லை என்றும், கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்தீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். நானும் அந்தக் காலத்தில் தள்ளிவிடத்தான் பார்த்தேன். அது சுற்றிச் சுற்றி வந்து என் தலையிலேயே விழுந்தது. இருபத்தாறு வருடம் அதைச் சுமந்தேன். வார நாட்களில் பெரம்பலூரில் கல்லூரி, ஞாயிற்றுக்கிழமைகளில் அரியலூரில் அஞ்சல்வழியில் படிக்கிறவர்களுக்கு வகுப்பு. இரண்டு இடத்திலும் அதே தாள், அதே நோட்ஸ். நோட்டுப் புத்தகத்தின் ஓரம் மடங்கிக் கிழிந்ததே தவிர, உள்ளே ஒரு வரி மாறவில்லை.

உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி இப்போதைய துறைத் தலைவர் கேட்டார். நல்ல வார்த்தை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் செய்த இரண்டு தவறுகளைச் சொல்கிறேன். முதலாவது சிரிப்பில் முடிந்தது. இரண்டாவது அப்படி முடியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிது. அமெரிக்காவின் ஆரம்பகாலக் கட்சிகளைப் பற்றிப் பாடம். பெடரலிஸ்ட் என்று ஒரு கட்சி. மத்திய அரசின் கை ஓங்கியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அவர்களுக்கு எதிராக ரிபப்ளிகன் என்று ஒரு கட்சி, இன்றைக்கு அந்தப் பெயரில் இருப்பது வேறு. மாநிலங்களின் உரிமைதான் பெரிது, அரசியல் சட்டத்தில் எழுதாத எதையும் மத்திய அரசு தொடக்கூடாது என்பது இவர்கள் வாதம். மாணவர்கள் எத்தனை முறை சொன்னாலும் பெயர்களை மாற்றி மாற்றியே எழுதினார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. நம் ஊரின் இரண்டு பெரிய கட்சிகளை எடுத்து, இவர்கள்தான் பெடரலிஸ்ட், அவர்கள்தான் ரிபப்ளிகன் என்று பொருத்திக் காட்டினேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு யாரும் மாற்றி எழுதவில்லை. எனக்கே என்னைத் தட்டிக் கொடுக்க வேண்டும்போல இருந்தது.

பாடத்தின் கடைசியில் பெடரலிஸ்ட் கட்சி தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது என்று வரும். அதையும் சொன்னேன். மறுநாள் காலை முதல்வர் அறையில் கரை வேட்டி கட்டிய ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் ஒன்றியத்தில் பெரிய ஆள். குரலை உயர்த்தவே இல்லை.

"எங்க கட்சி இன்னும் கொஞ்ச வருசத்துல இருக்குற எடம் தெரியாமப் போயிடும்னு வகுப்புல சொன்னீங்களாமே சார்."

என்னைக் காப்பாற்றியவர் அன்றைய துறைத் தலைவர்தான். "அய்யா, அவரு சொன்னது அமெரிக்காவுல இருந்த கட்சிங்க. அது போயி எரநூறு வருசம் ஆவுது. உங்க கட்சி நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார். டீ வந்தது. நடுவில் இருந்தவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து, "அப்பன்னா சரி. எதுக்கும் மத்தக் கட்சியும் காணாமப் போச்சுன்னு சேத்துச் சொல்லிடுங்க. ஞாயமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு துறைத் தலைவர் என் தோளில் கை வைத்தார். "தம்பி, அமெரிக்காவ அமெரிக்காவுலயே வைங்க. இங்க கொண்டாராதீங்க." வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகாத ஒருவனைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை அது. அவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் நான் அதை வேலைக்கே சட்டமாக்கிக் கொண்டுவிட்டேன். யாராவது மாணவர் "நம்ம ஊர்லயும் இப்பிடித்தானே சார்" என்று ஆரம்பித்தால், "அத விடுங்க, நோட்ஸ எழுதுங்க" என்று வாயை அடைத்துவிடுவேன். இப்படியே வருடங்கள் ஓடின.

இனி இரண்டாவது. ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் இருந்தது. அரியலூர் ஞாயிறு வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் போலீஸ்காரரும் கண்டக்டரும் கிராம உதவியாளரும் முழங்காலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரு டிகிரி வேண்டும், பிரமோஷனுக்கு. ஜன்னல் பக்கம் இரண்டாவது பெஞ்சில் மல்லிகா என்று ஒருவர். சத்துணவு அமைப்பாளர். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இவ்வளவுதான் அப்போது எனக்குத் தெரியும். வகுப்பில் பேசமாட்டார். எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

அன்றைக்கு மேற்கு நோக்கிய விரிவாக்கம் நடத்தினேன். அந்தப் பாடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சட்டத்தில் எழுதாததைத் தொடக்கூடாது என்று தொண்டை கிழியக் கத்திய ரிபப்ளிகன் கட்சி, ஆட்சிக்கு வந்ததும் மேற்கே கண்ணுக்கு எட்டாத அளவு நிலத்தைப் பிரான்சிடமிருந்து வாங்கியது. அப்படி வாங்கலாம் என்று சட்டத்தில் ஒரு வார்த்தை கிடையாது. மத்திய அரசின் கை ஓங்க வேண்டும் என்ற பெடரலிஸ்ட் கட்சியோ, அதெப்படி வாங்கலாம் என்று குதித்தது. போலீஸ்காரர் சிரித்தார். "கட்சி மாறல, பேச்சுதான் மாறிப்போச்சுங்களா சார்?" நான் வழக்கம்போல நோட்ஸை எழுதச் சொன்னேன்.

அடுத்து, அந்த நிலங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த பழங்குடிகள் பற்றிய பகுதி. செரோக்கி என்று ஓர் இனம். என் நோட்ஸில் அவர்களுக்கு ஒரே ஒரு வரிதான்: "செரோக்கி மக்கள் ஒப்பந்தப்படி மேற்கே குடியேறினர்." அதை இரண்டு முறை சொல்லி எழுத வைத்தேன். மணி ஒன்று ஆகப்போகிறது. ஒன்றே காலுக்குப் பெரம்பலூர் பஸ். அப்போதுதான் மல்லிகா எழுந்து நின்றார்.

"சார், அந்த ஒப்பந்தத்துல எல்லாருமா கையெழுத்துப் போட்டாங்க?"

"அவங்க சார்பா இருந்தவங்க போட்டாங்கம்மா."

"போடாதவங்க இருந்திருப்பாங்கல்ல சார். அவங்களுக்கும் அது செல்லுமா?"

"செல்லும். ஒப்பந்தம்னா எல்லாருக்கும் சேத்துத்தான்."

அவர் உட்காரவில்லை. "எங்கயுமே அப்பிடித்தானுங்களா சார்?"

நான் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். "எங்கயும் அப்படித்தாம்மா" என்றேன்.

அந்த ஒப்பந்தத்தைப் பற்றி எனக்கு அந்த ஒரு வரிக்கு மேல் எதுவும் தெரியாது. யார் போட்டார்கள், எத்தனை பேர் போட்டார்கள், போடாதவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒருநாளும் புத்தகத்தைப் புரட்டியதில்லை. அப்படியிருந்தும் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. இத்தனை வருடம் மேடையில் நின்றவனுக்கு அந்தக் குரல் தானாக வந்துவிடுகிறது. ஒருநாளும் பேசாத பெண் ஒரே விஷயத்தை மூன்று விதமாகக் கேட்கிறாரே, ஏன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பஸ்ஸைப் பிடித்துவிட்டேன், உட்கார இடமும் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு மல்லிகா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு இடைவேளையில் என் மேஜை அருகே வந்து நின்றார்.

"நீங்க அன்னிக்குச் சொன்னது நல்லதாப் போச்சு சார். ஒரு மாசமாத் தூக்கமில்லாமக் கெடந்தேன். மறுநாளே போயிப் போட்டுட்டேன்."

"என்னம்மா போட்டீங்க?"

"கையெழுத்துதான் சார்."

அப்போதுதான் முழுக் கதையையும் சொன்னார். அரியலூருக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். கணவருக்கும் அவருடைய அண்ணன், தம்பிக்கும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவில் பருத்தியும் சோளமும் விளையும் நிலம். அதில் மூன்றில் ஒரு பங்கு இவருடையது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்காக அந்தப் பக்கத்து நிலங்களை ஒரு கம்பெனி வாங்கிக்கொண்டிருந்தது. அண்ணனும் தம்பியும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இவர் மட்டும் போடவில்லை. கணவர் இருந்தபோது இருவரும் சேர்ந்து கல் பொறுக்கி, திருத்திய நிலம். அது போனால் தனக்கென்று ஊரில் எதுவும் இல்லை என்பது அவர் நினைப்பு.

"கம்பெனிக்காகப் பேச கார் போட்டுக்கிட்டு வந்தாங்க சார். ரெண்டு கட்சிக்காரங்களும் ஒரே கார்ல. தேர்தல் வந்தா ஒருத்தர் வூட்டு வாசல்ல ஒருத்தர் நிக்க மாட்டாங்க. எங்க வூட்டுக்கு மட்டும் சேந்து வந்தாங்க. மத்தவங்க போட்டாச்சு, நீ போடாட்டியும் அது செல்லும், வீணா மொரண்டு புடிக்காதன்னாங்க. அவங்க சொல்றத எப்பிடி நம்புறது? படிச்சவங்க யாரையாச்சும் கேக்கலாம்னுதான் உங்களக் கேட்டேன். நீங்களும் அதையேதான் சொன்னீங்க. அப்பறம் என்ன இருக்குன்னு போட்டுட்டேன்."

அவர் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றிலும் முப்பது பேர் டீ டம்ளரோடு நின்றார்கள். அந்த இடத்திலேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அம்மா, நான் சொன்னது அமெரிக்காவைப் பத்தி, அதுவும் சரியாத் தெரியாமச் சொன்னது, உடனே ஒரு வக்கீலப் பாருங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "சரிம்மா, மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க, பரிச்சைக்குப் படிங்க" என்று சொன்னேன். கேள்விக்குத் தவறாகப் பதில் சொன்னதைவிட இதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிய அவமானம்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு வக்கீலிடம் போனேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் விவகாரம் என்று மட்டும் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"கூட்டுப் பட்டாவுல ஒருத்தர் போட்டா அவரு பங்குதான் சார் போவும். அந்தம்மா போடலன்னா அந்தம்மா பங்கு அப்பிடியே நிக்கும். யாராலயும் தொட முடியாது. தொல்ல குடுப்பாங்க, அது வேற. ஆனா நெலம் நிக்கும். யாரு சொன்னா அந்தம்மாவுக்கு எல்லாருக்கும் செல்லும்னு?"

"யாரோ ஒரு வாத்தியாராம்."

"பத்திரம் பதிஞ்சாச்சா?"

"ஆச்சு."

அவர் பேனாவை மூடினார். "கம்பெனிக்காரன் பொய் சொல்லி வாங்குனான்னு கேசு போட்டுப் பாக்கலாம். ஆனா அவனே கேப்பான், அந்தம்மா அவங்க வாத்தியாரக் கேட்டுத்தான போட்டாங்கன்னு. வாத்தியார் மேல கேசு போட முடியுமா சார்?" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று படித்தேன். செரோக்கி மக்கள் தங்கள் மொழிக்கு எழுத்து வைத்திருந்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள், தங்களுக்கென்று சட்டம் எழுதித் தலைவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நிலத்தைக் காப்பாற்ற நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தங்கள் பக்கம் தீர்ப்பும் வாங்கினார்கள். ஆட்சியில் இருந்தவர்கள் அந்தத் தீர்ப்பைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒரு சிறு கூட்டம், மற்றவர்கள் யாரும் அனுமதி கொடுக்காமலே, இனம் முழுவதற்கும் சேர்த்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அவர்கள் தேர்ந்தெடுத்த தலைவர் போடவில்லை. போடாதவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான பேர் கையெழுத்திட்டு, இந்த ஒப்பந்தம் எங்களுக்குச் செல்லாது என்று தலைநகருக்கு மனு அனுப்பினார்கள். இங்கே போல அங்கே அப்போதிருந்த இரண்டு கட்சிகளும் ஒரே காரில் வந்துவிடவில்லை. எதிர்க்கட்சியில் பலர் அவர்களுக்காக வாதாடினார்கள். ஒப்பந்தம் செனட்டில் ஒரே ஒரு ஓட்டில்தான் தப்பிப் பிழைத்தது. கடைசியில் பட்டாளம் வந்து வீடு வீடாக அவர்களை வெளியேற்றியது. மேற்கே நடத்திக் கூட்டிப் போன வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

இத்தனையையும் நான் இருபது வருடத்துக்கும் மேலாக "ஒப்பந்தப்படி குடியேறினர்" என்று சொல்லி எழுத வைத்திருக்கிறேன். அதை அப்படியே திருப்பி எழுதியவர்களுக்கு மார்க்கும் போட்டிருக்கிறேன். படித்து முடித்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மல்லிகாவிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆனால் பரீட்சை வருகிறது, இப்போது சொன்னால் படிப்புக் கெடும் என்று தள்ளிப் போட்டேன். பரீட்சை முடிந்ததும், விடுமுறையில் எப்படிப் போவது என்று தள்ளிப் போட்டேன். அவருக்காகத் தள்ளிப் போடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்துதான் தள்ளிப் போட்டேன் என்பது இப்போது எழுதும்போது தெளிவாகத் தெரிகிறது.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒருநாள் பகலில் அந்தக் கிராமத்துக்குப் போனேன். பஸ் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. சோளக் காடுகள் இருந்த இடத்தில் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மஞ்சளும் வெள்ளையுமாகப் பெரிய பள்ளம். கல் ஏற்றிய லாரிகள் போகும்போதெல்லாம் ரோட்டோரத்து வேப்பமரங்கள் புழுதியில் மறைந்தன.

சத்துணவுக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட்டுப் போய்விட்டிருந்தார்கள். மல்லிகா முட்டைக் கணக்கை எழுதி முடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"சார், நீங்க எங்க இந்தப் பக்கம்? ரிசல்ட் வந்துடுச்சுங்களா?"

"இல்லம்மா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்."

சொன்னேன். வக்கீல் சொன்னதை முதலில் சொன்னேன். நீங்கள் போடாமல் இருந்திருந்தால் உங்கள் பங்கு நின்றிருக்கும், நான் சொன்னது தப்பு என்றேன். அதோடு நிறுத்தத் தெரியாமல் நான் செரோக்கி மக்கள் கதையையும் சொல்ல ஆரம்பித்தேன். கோர்ட்டுக்குப் போனது, மனு அனுப்பியது, அந்த ஒரே ஒரு ஓட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே இரண்டு லாரிகள் போய் முடிக்கும்வரை அவர் வேலி இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு பண்ணியும் அவங்க நெலம் நின்னுச்சுங்களா சார்?"

"இல்லம்மா. போயிடுச்சு."

"போயிடுச்சு" என்று அவரும் மெல்லச் சொல்லிக்கொண்டார். "ஆனா அவங்க கையால குடுக்கல."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் நோட்டை மூடி அலமாரியில் வைத்தார். பூட்டை எடுத்தவர் பூட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கே ஏன் சார் இதச் சொல்லல?"

"அன்னிக்கு எனக்குத் தெரியாதும்மா."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற அதே குரலில்தான் கேட்டார்.

"தெரியலன்னு சொல்லிருக்கலாமே சார். நான் வேற யாரையாச்சும் கேட்டிருப்பேன்ல?"